லிந்துலையில் இரு துவிச்சக்கர வண்டிகள்

"அந்த நீண்ட கொட்டகைகளில் எதைச் சேமித்து வைக்கிறார்கள்?"

என்னிடம் இப்படிக் கேட்டவர் ஓர் ஒஸ்திரியப் பெண்மணி. இடம், லிந்துலைச் சந்தியில் ஒரு தேநீர்க் கடை. 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பனி விலகி வெயில் ஏறிக்கொண்டிருந்த ஒரு முற்பகல். நுவரெலியாவில் வாடகைக்கு எடுத்த துவிச்சக்கர வண்டிகளில் நானுஓயா வழியாக இறங்கி வந்து, லிந்துலையில் திரும்பி, ஆக்ரா ஓயாவின் ஓரமாக அக்கரப்பத்தனைவரை மிதித்துச் சென்று, மாலையில் தலவாக்கலையில் ரயிலேறுவதென்பது அவரும் அவருடைய கணவரும் வகுத்திருந்த ஒருநாள் திட்டம். அறுபது வயதை அண்மித்த தம்பதியர். கடைவாசலில் வண்டிகளைச் சாய்த்துவிட்டு, பிளேன்டீ அருந்தியபடி வரைபடத்தை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் சுட்டிக்காட்டிய கொட்டகைகள் களஞ்சியங்கள் அல்ல, லயங்கள். அவற்றிலே சேமித்து வைக்கப்பட்டிருப்பவர்கள் மனிதர்கள். இதை நான் சொன்னதும் அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஒரு வரிசையில் எத்தனை குடும்பங்கள்?" என்று கேட்டார். பத்து, பன்னிரண்டு என்றேன். கணவர் வரைபடத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அந்த அம்மையாரின் அறியாமையை நான் குறை கூறவில்லை. அவருடைய கைநூலில் நீர்வீழ்ச்சி இருந்தது, தேயிலைத் தொழிற்சாலை இருந்தது, துரைமார் வாழ்ந்த பங்களா இருந்தது. லயம் இல்லை. இல்லாத ஒன்றை அவர் எப்படி அறிந்திருப்பார்? கைநூலை எழுதியவர்களையும், அதை எழுத வைத்தவர்களையும், அதையே தமிழில் 'பசுங்கம்பளம்' என்றும் 'குட்டி இங்கிலாந்து' என்றும் திருப்பித் திருப்பி எழுதிவந்த என்னையொத்த பத்திரிகைக்காரர்களையுமே குறை கூற வேண்டும். வாரமலர்ப் பக்கங்களை நிரப்புவதற்காக நானும் அவ்வாறு எழுதியவன்தான். அந்தக் கடனைத் தீர்க்கும் முகமாகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஓர் எளிய கணக்குப் பார்ப்போம். அந்தத் தம்பதியர் அன்றைய தினம் செலவிட்ட பணம் யாரிடம் போய்ச் சேர்ந்தது? இரவு தங்கிய அறைக்கான பணம் நுவரெலியா விடுதிக்கு. வண்டிகளின் வாடகை அங்குள்ள சுற்றுலா நிறுவனத்துக்கு. மதிய உணவு, விடுதியாக மாற்றப்பட்ட ஒரு பழைய பங்களாவில். ரயில் கட்டணம் அரசாங்கத்துக்கு. அவர்கள் பகல் முழுவதும் கடந்து சென்றதோ தோட்டக் காணி. பாதையின் இரு மருங்கிலும் லயங்கள். அந்த லயங்களில் வாழும் ஒருவருக்கும் ஒரு சதமேனும் கிடைக்கவில்லை. இந்தப் பள்ளத்தாக்கில் அவர்கள் விட்டுச்சென்ற ஒரே காசு, பசார்க் கடையில் இரண்டு பிளேன்டீக்குக் கொடுத்த காசு.

"சோம்பேறிகள், ஒரு தேநீர்க் கடையாவது போடக் கூடாதா?" என்று சிலர் கேட்கக்கூடும். எங்கே போடுவது? லயத்து வாசல் தோட்ட நிர்வாகத்தினுடையது. வாசலுக்கு முன்னால் உள்ள பாதையும் தோட்டத்தினுடையது. பாதைக்கு அப்பால் உள்ள தேயிலையும் தோட்டத்தினுடையது. நாலு கம்பு நட்டுத் தகரம் போடுவதற்கும் துரையின் அனுமதி வேண்டும். உலகுக்கே தேநீர் கொடுக்கும் தொழிலாளிக்குத் தன் வாசலில் ஒரு தேநீர்க் கடை வைக்கும் உரிமை இல்லை என்பதுதான் இந்த அழகிய பள்ளத்தாக்கின் நடைமுறை.

அந்தத் தம்பதியர் தங்கள் நாட்டுப் பள்ளத்தாக்கு ஒன்றைப் பற்றிச் சொன்னார்கள். அல்ப்ஸ் மலையில், இத்தாலிய எல்லைக்குள் உள்ள தோப்லாக் என்ற ஊரருகே ஊற்றெடுக்கும் திராவ் ஆறு ஒஸ்திரியாவின் லீன்ஸ் நகரை நோக்கி ஓடுகிறது. ஆற்றோரமாக ஏறத்தாழ 45 கிலோமீற்றருக்குத் துவிச்சக்கர வண்டிப் பாதை உண்டு. பெரும்பாலும் இறக்கம். குழந்தைகளும் முதியவர்களும் கூட மிதித்துச் சென்று, வண்டிகளோடு ரயிலில் திரும்பி விடுகிறார்கள். வழியெங்கும் குடியானவர் வீடுகளில் 'அறை உண்டு' என்ற பலகை தொங்கும். அந்த அம்மையாரின் தாயாரும் அப்படி இரண்டு அறைகளை வாடகைக்கு விட்டே பிள்ளைகளைப் படிக்க வைத்தாராம்.

இதைக் கேட்டதும், "அது ஐரோப்பா, பணக்கார நாடு" என்று நாம் எளிதாகத் தப்பித்துக்கொள்ளலாம். வரலாறு அப்படித் தப்பவிடாது. அல்ப்ஸ் பள்ளத்தாக்குகள் என்றுமே செழிப்பாக இருந்தவை அல்ல. திரோல், போரார்ல்பெர்க், கிழக்குச் சுவிற்சர்லாந்து ஆகிய பகுதிகளின் ஏழைப் பிள்ளைகள், வசந்தம் தோறும் பனிபடர்ந்த கணவாய்களை நடந்தே கடந்து, தென் ஜேர்மனியின் பண்ணைகளில் கூலி வேலை செய்யச் சென்றார்கள். ரவன்ஸ்பூர்க் போன்ற நகரங்களின் சந்தைகளில் அவர்களைப் பண்ணையார்கள் பேரம் பேசி அமர்த்தினார்கள். 'சுவாபியப் பிள்ளைகள்' என்று வரலாறு அவர்களைக் குறிப்பிடுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரைக்கும் இது நீடித்தது. கங்காணியின் பின்னால் மன்னார்க் கரையிலிருந்து மாத்தளைக் காடுவரை நடந்துவந்த நம் மூதாதையரின் நடைக்கு அது தூரத்து உறவு.

வறுமையில் இரு பள்ளத்தாக்குகளும் ஒன்றாகத்தான் இருந்தன. அப்படியானால் வேறுபாடு எங்கே? கூலிக்குப் போன அந்தப் பிள்ளை திரும்பி வருவதற்கு ஒரு வீடு இருந்தது. வீட்டின் கீழே, எவ்வளவு சிறியதாயினும், குடும்பத்துக்குரிய ஒரு துண்டு நிலம் இருந்தது. பாதை ஊராட்சிக்குச் சொந்தமாக இருந்தது. பின்னாளில் உல்லாசப் பயணி வந்தபோது, அந்தக் குடும்பத்தால் ஓர் அறையைத் திறந்துவிட முடிந்தது. சுற்றுலா அவர்களுக்கு நிலத்தைக் கொடுக்கவில்லை. நிலம் இருந்தபடியால்தான் சுற்றுலா அவர்களுக்குப் பயன் கொடுத்தது. நமது சுற்றுலா மேதைகள் இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிச் சொல்லி வருகிறார்கள்.

நம்மிடம் நிலம் ஏன் இல்லை? தற்செயலாகவா? 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் சென்றனர். தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதி, வட்டகொடைப் பக்கத்து மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை. மறு ஆண்டே, 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவருக்கு வாக்களித்த மக்களை நாடற்றவர்களாக்கியது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. எஞ்சிய நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003இல். வாக்கில்லாதவனுக்கு யார் காணி கொடுப்பார்? சி. வி. தம் நாவலுக்கு 'வீடற்றவன்' என்றும், வரலாற்று நூலுக்கு 'நாடற்றவர் கதை' என்றும் பெயரிட்டார். இரண்டாவது பெயர் ஒருவாறு பழையதாகிவிட்டது. முதலாவது இன்னும் பழையதாகவில்லை.

எழுபதுகளில் தோட்டங்கள் தேசியமயமாயின. 1992இல் அவற்றின் முகாமை தனியார் கம்பனிகளுக்குச் சென்று, பின்னர் நீண்டகாலக் குத்தகையாயிற்று. குத்தகைக்கு விடப்பட்ட காணி அரசாங்கத்தினுடையது என்பதைக் கவனியுங்கள். கம்பனிகள் அதன் மீது தேயிலை வளர்க்கலாம். பங்களாவை விடுதியாக்கலாம். 1996இல் கந்தப்பளையில் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலையே நட்சத்திர விடுதியாயிற்று. 2005 முதல் காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த பங்களாக்கள் உலகப் புகழ்பெற்ற தங்குமிடங்களாயின. பழைய கட்டடங்களைப் பேணுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பங்களாவை வேறு பயனுக்கு மாற்ற வளைந்து கொடுக்கும் சட்டமும் குத்தகையும், லயத்தில் வாழ்பவனுக்கு 7 பேர்ச் காணி என்றவுடன் மட்டும் ஏன் கல்லாகிவிடுகின்றன என்பதே என் கேள்வி.

பாதைகளின் கதை இன்னும் விசித்திரமானது. 1987இன் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபைகள் பணம் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. தோட்டத்து மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்த சபையே அவர்களுடைய பாதையில் ஒரு கூடை கல்லைக் கொட்டவும் தயங்க வேண்டியிருந்தது. இந்தத் தடை நீங்கும் வகையில் சட்டம் திருத்தப்பட்டது 2018இல். அதாவது 31 ஆண்டுகளுக்குப் பின். அதே ஆண்டில்தான் அக்கரப்பத்தனைக்கும் தனிப் பிரதேச சபை கிடைத்தது. நோயாளியைக் கம்பளியில் கட்டிச் சுமந்து பிரதான வீதிவரை வந்த கதையை இந்தப் பள்ளத்தாக்கின் எந்தத் தோட்டத்திலும் முதியவர்கள் சொல்வார்கள். கரடுமுரடான அதே பாதை மலைச் சைக்கிள் ஓட்டுபவருக்குச் சாகசம், கர்ப்பிணிக்கு மரணபயம்.

2023இல் மலையகத்தில் இரண்டு நடைகள் பேசப்பட்டன. ஒன்று, ஹந்தானையில் தொடங்கி ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல வழியாக நுவரெலியாவில் முடியும், 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட 'பெக்கோ' நடைபாதை. வெளிநாட்டு உதவியுடன் 22 கட்டங்களாக அமைக்கப்பட்டு, உலகப் பயண ஏடுகள் கொண்டாடியது. மற்றது, மலையக மக்கள் வந்து 200 ஆண்டுகள் நிறைவதை ஒட்டி, ஜூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து புறப்பட்டு ஓகஸ்ட் நடுப்பகுதியில் மாத்தளையை அடைந்த நடை. முன்னோர் நடந்த வழியில் நடந்து, காணியும் வீடும் சமத்துவமும் கேட்டார்கள். முதல் நடைக்கு வரைபடமும் வழிகாட்டிப் பலகைகளும் வந்துவிட்டன. இரண்டாவது நடையினர் கேட்டவற்றில் எத்தனை வந்தன?

"சுற்றுலா பெருகினால் வேலைவாய்ப்புப் பெருகும்" என்பார்கள். பெருகும், மறுக்கவில்லை. பாட்டி கொழுந்து பறித்தாள். பேரன் பயணியின் சைக்கிளைக் கழுவுவான். துரை போய் விடுதி முகாமையாளர் வருவார். நாட்சம்பளம் 1,000 ரூபாவாவதற்கு 2021 மார்ச் வரையும், 1,350 ஆவதற்கு 2024 வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட 1,750 ரூபாவிலும் 200 ரூபா அரசாங்கம் கொடுக்கும் வருகைக் கொடுப்பனவு. சம்பளத்தை மட்டும் நம்பியிருப்பவன் எந்தத் துறைக்கு மாறினாலும் அடுத்தவர் தயவில்தான் நிற்பான். காணி இல்லாதவனுக்குச் சுற்றுலாவும் இன்னொரு பெரட்டுக்களமே.

இது வருமானத்தை மட்டும் பொறுத்த விடயம் என்று நினைத்துவிடாதீர்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைச் சரித்தபோது, "ஆபத்தான இடத்திலிருந்து விலகுங்கள்" என்று சொன்னார்கள். நியாயமான எச்சரிக்கை. ஆனால், விலகிப் போய் நிற்பதற்கென்று சொந்தமாக ஒரு சாண் நிலமும் இல்லாதவன் எங்கே விலகுவான்?

வெளிநாடுகளில் வாழும் தமிழ் வாசகர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். விடுமுறைக்கு வருகிறீர்கள். பிள்ளைகளுக்கு மலைநாட்டைக் காட்டுகிறீர்கள். கொழுந்துக் கூடையை வாங்கி மாட்டிப் படமும் எடுத்துக்கொள்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்குச் சைக்கிள் என்பது பள்ளிக்கூடம், ரியூஷன், சந்தை, காதல் எல்லாமே. ஊர் ஒழுங்கையில் அதை மிதிக்க எவரிடமும் அனுமதி கேட்டிருக்க மாட்டீர்கள். அந்த ஒழுங்கை உங்களுடையது. அதே உரிமையை இங்குள்ள பிள்ளைக்கும் கேட்டுப் பேசுங்கள். அடுத்த முறை வரும்போது, தங்கும் விடுதியில் ஒரேயொரு கேள்வி கேளுங்கள்: "இங்கே வேலை செய்பவர்கள் எங்கே வாழ்கிறார்கள்? அந்த வீடு யாருடைய பெயரில் இருக்கிறது?"

கோரிக்கைகள் மூன்றுதான். லயத்தில் வாழும் ஒவ்வொரு குடும்பத்துக்கும், வீட்டோடு சேர்த்து, வங்கியும் நீதிமன்றமும் ஏற்கும் காணி உறுதி. தோட்டப் பாதைகள் பிரதேச சபைகளின் பொறுப்புக்கு மாற்றப்படுதல். தோட்டக் காணியில் சுற்றுலாவுக்கு இடம் ஒதுக்கப்படுமானால், முதல் உரிமை அங்கு வாழும் குடும்பங்களுக்கு. இவற்றில் எதுவும் பிச்சையல்ல. இரு நூற்றாண்டு உழைப்பின் நிலுவை.

அன்று பிற்பகல் அக்கரப்பத்தனை பஸ்ஸிலிருந்து அந்தத் தம்பதியரை மறுபடியும் கண்டேன். ஒரு லயத்தின் அருகே வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். பாடசாலை விட்டு வந்த பிள்ளைகள் வண்டிகளைச் சூழ்ந்து நிற்க, ஒரு சிறுமி மணியை அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேயிலை மூட்டைகளை வைக்கும் கொட்டகைகள் என்று காலையில் அவர்கள் நினைத்த இடம் அது. இப்போது அவர்களுக்கு உண்மை தெரியும். எப்போதும் தெரிந்திருந்தவர்கள் நாம். இரு நூறு ஆண்டுகள் தெரிந்துகொண்டே வாளாவிருந்தோம் என்பதுதான் நமக்குரிய குற்றச்சாட்டு.