ஆட்சி மாறுது, சட்டம் மாறேல்ல

கொழும்பு 2022, டாக்கா 2024, காத்மாண்டு 2025. மூன்று தலைநகரங்களிலும் எங்கட வயசுக்காரர் வீதிக்கு இறங்கி ஆட்சிகளைக் கவிழ்த்தார்கள். தெற்காசியாவே மாறுது எண்டு எல்லாரும் எழுதினார்கள். நாங்கள் கேட்பது ஒன்றுதான்: எங்களைப் பிடித்து உள்ளே போடுகிற சட்டம் மாறினதா?

பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் மூன்று வருசத்துக்கு மட்டும் எண்டு வந்தது. 1982இல் நிரந்தரமாகியது. நாங்கள் பிறக்கும்போதே அதுக்கு இருபது வயசு தாண்டிட்டுது. வழக்கில்லாமல் தடுத்துவைக்கும் காலத்தை 2022இல் 18 மாதத்திலிருந்து 12 மாதமாகக் குறைத்தார்கள். இதுக்குப் பெயர் சீர்திருத்தமாம். உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்குக் கொடுத்த வாக்குமூலம் இப்பவும் சாட்சிதான். அடித்து வாங்கினது எண்டால், அதை அடி வாங்கினவரே நிரூபிக்கோணும்.

'நவரசம்' எண்ட கவிதைத் தொகுப்புக்காக அஹ்னாஃப் ஜெஸீம் 2020 மே மாதம் கைதானார். பிணை கிடைக்க 19 மாதம். நிரபராதி எண்டு தீர்ப்பு வர 2023 டிசம்பர். அந்த வருசங்களை யார் திருப்பிக் கொடுப்பது?

2022 ஜூலையில் கோட்டாபய நாட்டை விட்டு ஓடினார். அடுத்த மாதமே, போராட்டத்தில் முன்னுக்கு நின்ற மாணவர் தலைவர் வசந்த முதலிகேயைத் தடுத்துவைக்கப் புதிய ஜனாதிபதி இதே சட்டத்தில் கையொப்பம் வைத்தார். தமிழருக்கெண்டு தீட்டின கத்தி முஸ்லிம்களிடம் போய், கடைசியில் சிங்கள மாணவனின் கழுத்துக்கும் வந்தது. கத்திக்கு இனம் தெரியாது. பிடித்திருக்கிற கைக்கு மட்டும்தான் தெரியும்.

டாக்காவிலும் இதே கதைதான். ஹசீனா போயிட்டார். ஆனால் வழக்கில்லாமல் தடுத்துவைக்க இடங்கொடுக்கும் 1974ஆம் ஆண்டின் விசேட அதிகாரச் சட்டம் போகேல்ல. அவர் போன பிறகும் அதில் ஆட்களைப் பிடித்தார்கள்.

"அப்ப பாதுகாப்பு வேண்டாமோ?" எண்டு கேப்பினம். வேணும். அதனால்தான் கேட்கிறம். 2019 உயிர்த்த ஞாயிறன்று இந்தச் சட்டத்துக்கு நாற்பது வயசு. உளவு எச்சரிக்கை முன்கூட்டியே வந்திருந்தது. அதன்மேல் நடவடிக்கை எடுக்கத் தவறினதுக்காக 2023இல் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதியையே நட்டஈடு கட்டச் சொன்னது. அண்டைக்குக் குறைவாக இருந்தது அதிகாரமில்லை, பொறுப்பு. கொலைக்கும் குண்டுக்கும் தண்டனை கொடுக்க நாட்டில் வேறு சட்டங்கள் இருக்கு.

2018இல் ஒரு மாற்றுச் சட்டமூலம், 2023இல் இன்னொன்று. பெயர்ப்பலகை புதுசு, கடை பழசு. வழக்கில்லாமல் அடைக்கிற அதிகாரம் உள்ளே இருக்கும்வரை எந்தப் பெயரும் எங்களுக்கு வேண்டாம்.

எதிர்க்கட்சியில் இருக்கும்போது இதை நீக்குவம் எண்டு சொல்லாத ஆட்கள் குறைவு. கதிரையில் இருந்தவுடன் "முதலில் மாற்று வரட்டும்" எண்டுவினம். நீக்குவது வேறு, மாற்றி வைப்பது வேறு. நாங்கள் கேட்பது நீக்கம்.