கடலைக் கண்காணிப்பது வீண்செலவல்ல

கடல்நீர் தெளிந்திருப்பதனாலேயே அது தூயதென்று கொள்ளலாகாது. உயிரினங்களின் ஓமோன்களைக் குழப்பும் மாசுகள், நிறமோ மணமோ காட்டாது மிகச் சிறிய அளவில் கலந்து நின்றே கேடு விளைவிக்கின்றன. புலம்பெயர் தமிழர் பலர் இன்று வாழும் ஐரோப்பிய நாடுகளின் கரைகளே இதற்குச் சான்று.

1970இல் இங்கிலாந்தின் பிளிமத் கரையில், பெண் கடல் நத்தைகளில் ஆணுறுப்பை ஒத்த வளர்ச்சி காணப்படுவதாக ஆய்வேட்டில் பதிவாயிற்று. காரணம் அப்போது விளங்கவில்லை. அப்பத்தாண்டின் பிற்பகுதியில் பிரான்சின் ஆர்க்கசோன் குடாவில் சிப்பி வளர்ப்பு நலிந்தது. இளஞ்சிப்பிகள் அரிதாயின, வளர்ந்தவற்றின் ஓடுகள் தடித்து உருக்குலைந்தன. படகுகளின் அடிப்புறத்தில் பாசி முதலியன ஒட்டாதிருக்கப் பூசப்பட்ட வர்ணத்தில் இருந்த ட்ரைபியூட்டைல்டின் என்னும் வெள்ளீயச் சேர்வையே இவ்விரண்டிற்கும் காரணமெனப் பின்னர் தெளிவாயிற்று. ஒரு லீற்றர் நீரில் ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு இருந்தாலே நத்தையின் உடல் மாறத் தொடங்கும்.

பிரான்ஸ் 1982இலும் பிரித்தானியா 1987இலும் 25 மீற்றருக்குக் குறைந்த படகுகளில் இவ்வர்ணத்தைத் தடுத்தன. உலகளாவிய உடன்படிக்கை 2001இல் ஏற்கப்பட்டு, 2008இலேயே நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னர் பல கரைகளில் நத்தையினம் மீண்டு வருகின்றது. எனினும் முதல் அறிகுறிக்கும் உலகத் தடைக்கும் இடையே 38 ஆண்டுகள் கழிந்தன என்பதை மறத்தலாகாது.

இவ்வரலாறு உணர்த்தும் பாடம் ஒன்று உண்டு. ஆய்வுகூடக் கருவி தேடச் சொன்ன பொருளை மட்டுமே தேடும். எவரும் தேடாத நஞ்சை முதலில் காட்டிக்கொடுப்பது உயிரினத்தின் உடலே. ஆகவே நீரை அளப்பதும் உயிரினங்களை ஆண்டுதோறும் அவதானிப்பதும் இணைந்தே நடைபெற வேண்டும். தடைச்சட்டம் வந்துவிட்டதென்று கண்காணிப்பைக் கைவிடுவதும் தவறு. துறைமுகங்களின் அடிச்சேற்றில் பழைய நஞ்சு நெடுங்காலம் தங்கியிருக்கும். சேற்றைத் தோண்டும்போது அது மீண்டும் நீரில் கலக்கக்கூடும்.

மருத்துவம், பொறியியல், கணக்கியல் என்ற வட்டத்துக்குள்ளேயே பிள்ளைகளின் எதிர்காலத்தை அடக்க விழையும் பெற்றோர் இதனைச் சிந்திக்க வேண்டும். கடலியலும் சூழல் வேதியியலும் பயிலும் இளையோர் எவ்வகையிலும் குறைந்தவரல்லர். வாழும் நாட்டின் கடலை விழிப்புடன் காப்பதும் அந்நாட்டின் குடிமக்களுக்குரிய கடமையே. கண்காணிப்புக்கான நிதி வெட்டப்படும் வேளையில் அதனைத் தட்டிக்கேட்கும் குரல்களுள் தமிழ் இளையோரின் குரலும் ஒன்றாக ஒலிக்கட்டும்.