அடிபம்பும் எண்ணெய்க் கிணறும்

என் தந்தையார் காரைக்குடி வட்டாரத்துச் சிற்றூர்களில் அடிபம்பு செப்பனிடும் தொழிலாளி. சிறுவயதில் அவருடன் சென்று, குழாயைக் கழற்றும்போது உள்ளிருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கல்லூரிக்கு வந்தபின் அதைச் சொல்லக் கூச்சப்பட்டேன். எண்ணெய்க் கிணற்றுப் பம்பைப் பற்றிப் படித்த அன்று அந்தக் கூச்சம் போயிற்று. இரண்டும் வேலை செய்யும் விதம் ஒன்றே!

புதிய எண்ணெய்க் கிணற்றில் பெரும்பாலும் நிலத்தடி அழுத்தமே எண்ணெயை மேலே தள்ளிவிடும். ஆண்டுகள் செல்லச்செல்ல அழுத்தம் குறைந்து, எண்ணெய் பாதி வழியில் நின்றுவிடும். மேலிருந்தே உறிஞ்சினால் என்ன என்று கேட்கலாம். காற்றழுத்தம் தண்ணீரையே ஏறத்தாழ 10 மீட்டருக்கு மேல் ஏற்றாது. எண்ணெயோ பல இடங்களில் ஆயிரம் மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. ஆகவே பம்பையே கிணற்றின் அடிக்கு இறக்குகிறார்கள். தரைமேல் குதிரைத் தலை வைத்த இரும்பு உத்தரம் ஒன்று ஏறி இறங்கும். அதில் தொங்கும் நெடுங்கம்பி, அடியிலுள்ள பிஸ்டனை அசைக்கும். பிஸ்டனில் ஒரு வால்வு, அதற்குக் கீழே உருளையின் அடியில் ஒரு வால்வு. பிஸ்டன் ஏறும்போது மேல்வால்வு மூடிக்கொண்டு எண்ணெயைத் தூக்கும். கீழ்வால்வு திறந்து புதிய எண்ணெயை உள்ளே விடும். இறங்கும்போது மாறி நடக்கும். என் தந்தையார் வாசர் மாற்றுவதும் அந்தப் பிஸ்டனில்தான்.

வாயுவை உள்ளே செலுத்தி, எண்ணெயை இலேசாக்கி மேலேற்றும் முறையும் உண்டு. தோட்டங்களில் கம்ப்ரசர் வைத்து போர்த் தண்ணீர் எடுக்கிறோமே, அதன் உறவுதான்.

இதை ஏன் எழுதுகிறேன்? நாகப்பட்டினம் மாவட்டத்து நரிமணத்தில் எண்ணெய்க் கிணறுகள் வயல்களை ஒட்டியே இருக்கின்றன. 2020-ஆம் ஆண்டுப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் காவிரிப் படுகையில் புதிய எண்ணெய்க் கிணறுகளைத் தடுக்கிறது. முன்பே நடப்பவற்றை நிறுத்தவில்லை. எனவே பழைய கிணறுகளில்தான் இறைத்தாக வேண்டும். கிணறு முதிர முதிர எண்ணெயோடு வரும் உப்புநீர் பெருகும். இரும்புக் குழாய் துருப்பிடித்து ஓட்டையானால் அந்த நீர் எங்கே போகும்? பக்கத்து வயல்காரர் இதைக் கேட்க வேண்டாமா? கேட்பதற்குக் கிணறு இயங்கும் விதம் அவருக்குத் தமிழில் தெரிய வேண்டும். பொறியாளர் அறிந்தால் போதும் என்பார் சிலர். நான் ஒப்பவில்லை.

என் தந்தையார் ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். எண்ணெய்ப் பம்பின் படத்தை அவரிடம் காட்டினேன். சற்று நேரம் பார்த்துவிட்டு, "இம்புட்டு நீளக் கம்பி அறுந்துபோனா எப்படித் தம்பி எடுப்பாக?" என்றார். எண்ணெய்த் தொழிலின் பெரிய தலைவலிகளில் அதுவும் ஒன்று என்பதை நான் அதன்பிறகுதான் படித்தேன்.