ஏட்டு நோய்க்குக் கோடிப் பணம்!

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் பழமொழி. தோழர்களே, அமெரிக்க இன்ஷூரன்ஸ் முதலாளிகள் அந்தப் பழமொழியையே பொய்யாக்கி விட்டார்கள்! அங்கே ஏட்டில் எழுதிய நோய் நன்றாகவே கறிக்கு உதவுகிறது. எவருடைய கறிக்கு? நோயாளியின் கறிக்கு அல்ல, கம்பெனியின் கறிக்கு!

முதியோரின் வைத்தியச் செலவைச் சர்க்கார் ஏற்கும் மெடிகேர் திட்டம் அமெரிக்காவில் 1965இல் சட்டமாயிற்று. தொழிற்சங்கங்கள் நெடுங்காலம் குரல் கொடுத்த பின்னரே அது கிட்டியது. அந்தத் திட்டத்தில் தனியார் கம்பெனிகளுக்கு வாசலை அகலத் திறந்தது 2003ஆம் ஆண்டுச் சட்டம். 'மெடிகேர் அட்வான்டேஜ்' என்று அதற்குப் பெயர். இன்று மூன்று கோடிக்கு மேற்பட்ட மக்கள் அந்தக் கம்பெனிகளின் கையில் இருக்கிறார்கள்.

தலைக்கு இவ்வளவு என்று சர்க்கார் மாதந்தோறும் கம்பெனிக்குப் பணம் அளக்கிறது. நோயாளிக்குக் கூடுதல், நலமுள்ளவருக்குக் குறைவு. இந்த விதியை நாம் பழிக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே தொகை என்றால், திடகாத்திரமானவர்களைப் பொறுக்கிக்கொண்டு நோயாளிகளைக் கம்பெனிகள் கைவிட்டுவிடும். ஆனால், ஒருவருக்கு என்ன நோய் என்பதைச் சர்க்காருக்குச் சொல்வது எது? டாக்டரின் குறிப்பேட்டில் உள்ள சொல்! சூது நுழையும் இடம் அதுவே.

2023 வரை முழுமையாக நடப்பிலிருந்த கணக்கைப் பாருங்கள். தம் வீட்டில் வாழும் முதியவர் ஒருவருக்கு வெறும் 'நீரிழிவு' என்று எழுதினால் அதன் மதிப்பு 0.105. 'நீரிழிவால் நரம்புச் சேதம்' என்று எழுதினால் 0.302. அடிப்படைத் தொகை மாதம் 1000 டாலர் என்று வைத்துக்கொண்டால், அந்த இரு சொற்களுக்கு ஆண்டுக்கு 2364 டாலர் கூடுதல்! 2024 முதல் படிப்படியாக வந்த புதிய கணக்கு இந்த வேற்றுமையை நீக்கியது. ஓர் ஓட்டை அடைபட்டது. சொல்லுக்குப் பணம் என்ற விதி மட்டும் மாறவில்லை.

ஜனவரி பிறந்தால் பழைய பதிவுகள் செல்லாது. நாட்பட்ட நோயை ஆண்டுதோறும் புதிதாக எழுதியாக வேண்டும். கால் வெட்டப்பட்டவருக்கும் இதே விதிதான். வெட்டிய கால் ஆண்டுக்கொருமுறை முளைக்குமா, தோழர்களே?

"நோயைத் துல்லியமாக எழுதுவது குற்றமா?" என்று கேட்பார்கள். குற்றமன்று, கடமை! சிறுநீரகம் பழுதானதை எழுதி வைத்தால்தான் அடுத்த டாக்டர் மருந்தை அளந்து கொடுப்பார். எழுதிவிட்டுச் சிகிச்சை அளிக்காமல் பணம் வாங்குவதே குற்றம்.

இது நமது கற்பனை அல்ல. கம்பெனிகள் எடுத்த உடல்நலக் கணிப்புகளிலும், அவற்றோடு இணைந்த குறிப்பேட்டுச் சோதனைகளிலும் மட்டுமே காணப்பட்ட நோய்கள் உண்டு. வேறெந்தச் சிகிச்சைப் பதிவிலும் அவை இல்லை. 2023இல் அந்த நோய்களுக்காகச் சென்ற தொகை சுமார் 750 கோடி டாலர் என்று அமெரிக்கச் சுகாதாரத் துறையின் தணிக்கை அலுவலகமே மதிப்பிட்டது. பழைய மெடிகேரிலேயே அந்த மக்கள் இருந்தால் ஆகும் செலவைவிட, 2025இல் கம்பெனிகளுக்கு 8400 கோடி டாலர் அதிகம் போகும் என்று அந்நாட்டுக் காங்கிரசுக்கு ஆலோசனை கூறும் மெடிகேர் கமிஷன் மதிப்பிட்டது. அதில் 4000 கோடி, நோய்களைக் கூடுதலாகப் பதிவதால் மட்டும்!

அந்தக் குறிப்பேடுகளைப் படித்துக் குறியீடு இடும் வேலையைச் சென்னையிலும் கோவையிலும் நம் பட்டதாரிப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் செய்கிறார்கள். அவர்கள் மீது பழி சுமத்தாதீர்கள்! அவர்கள் பெறுவது கூலி. கொள்ளை போவது வேறிடத்துக்கு.

"தனியாரிடம் விடுங்கள், செலவு குறையும்" என்று உங்கள் ஊர் டீக்கடையில் வாதிடுவோர் முன் இந்தக் கணக்கை வையுங்கள். தனியாரிடம் விட்டார்கள், செலவு குறைந்ததா? ஏட்டில் நோய் பெருகியது, கஜானா இளைத்தது!

சிகிச்சை இல்லாத சொல்லுக்குச் சல்லிக்காசும் கொடாதே! மக்கள் பணத்தை மக்கள் மருத்துவமனைக்கே கொடு! இதுவே நமது கோரிக்கை. இதனை வீடுதோறும் எடுத்துச் செல்லுங்கள், தோழர்களே!