தற்காலிகம் என்னும் நிரந்தரம்

நகராட்சி அலுவலகங்களில் அதிகாரியின் பதவிப் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு சொல் தொங்கும். பொறியாளர் (பொறுப்பு). செயற்பொறியாளர் (பொறுப்பு). மாற்றலாகிப் போனவர், ஓய்வு பெற்றவர், மருத்துவ விடுப்பில் போனவர் இடத்தில் இன்னொருவரைத் தற்காலிகமாக உட்கார வைத்திருக்கிறார்கள் என்று பொருள். சின்னச் சொல். ரெண்டு வரி ஆணை. இதற்கெல்லாமா ஒரு கட்டுரை என்று கேட்கிற தோழர்களுக்காகத்தான் எழுதுகிறேன். இடஒதுக்கீடு நுழைய முடியாத அக்கிரகாரம் அந்த அடைப்புக்குறிதான்.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். அரசு வேலைக்குள் நுழைகிற வாசலில் 69 விழுக்காடு நிற்கிறது. 1994-இல் சட்டமாக்கி ஒன்பதாவது அட்டவணையில் வைத்தார்கள். அதில் தாழ்த்தப்பட்டோருக்கு 18, பழங்குடியினருக்கு 1. வாசலைத் தாண்டி மாடி ஏறப் போனால் கதை வேறு. பதவி உயர்வில் ஒதுக்கீடு கூடாது என்று 1992 மண்டல் தீர்ப்பு சொன்னது. 1995-இல் 77-ஆம் திருத்தம் வந்து, தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் அரசு விரும்பினால் தரலாம் என்றது. ‘தரலாம்’, ‘தர வேண்டும்’ அல்ல. 2006-இல் நாகராஜ் வழக்கில் உச்சநீதிமன்றம் கணக்கு கொண்டு வா, பின்தங்கியதை நிரூபி, நிர்வாகத் திறன் கெடாது என்று காட்டு என்றது. 2018-இல் பின்தங்கியதை நிரூபிக்கும் சுமையை மட்டும் இறக்கி வைத்தார்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரு வழக்கு, ஒவ்வொரு வழக்குக்கும் பத்து வருசம்.

ஆனால் ‘பொறுப்பு’க்கு இந்த வழக்கு, வாய்தா எதுவும் இல்லை. அது நியமனமும் இல்லை, பதவி உயர்வும் இல்லை, வெறும் ஏற்பாடு. ஏற்பாட்டுக்கு இனச்சுழற்சி கிடையாது, தேர்வு கிடையாது. ‘நிர்வாக நலன் கருதி’ என்று எழுதினால் போதும். யாருடைய நலன், யார் கருதினார்கள் என்று எவரும் கேட்பதில்லை.

தென் புறநகரில் ஓர் ஊர், பெயர் வேண்டாம். அதன் பொறியியல் பிரிவில் பணி ஆய்வாளராகக் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். பொறியாளர் நீண்ட விடுப்பில் போனார். அடுத்த நிலையில் மூத்தவர் நம்ம ஆளு. பதினெட்டு வருச சர்வீஸ். எந்தத் தெருவில் எந்தக் குழாய் எத்தனை அடி ஆழத்தில் ஓடுகிறது என்று காகிதம் பார்க்காமல் சொல்வார். பொறுப்பு அவருக்கு வரவில்லை. பக்கத்து ஊர்ப் பொறியாளருக்குக் கூடுதல் பொறுப்பாகப் போனது. அவர் வாரத்துக்கு ரெண்டு நாள் வந்து கையெழுத்துப் போடுவார். மற்ற நாளெல்லாம் வேலை ஓடியது நம்ம ஆளின் முதுகில். “ரெண்டு மாசந்தான் சார், எதுக்கு மனசைக் கஷ்டப்படுத்திக்கிறீங்க?” என்று தேற்றினார் மேனேஜர். அந்த ரெண்டு மாசம் பதினாலு மாசம் ஓடியது. அவர் வாய் திறந்து ஒருமுறை காரணம் கேட்டார். “உங்களுக்கெல்லாம் டென்ஷன் வேணாம்னுதான்” என்று பதில் வந்தது. உங்களுக்கெல்லாம்! அந்த ‘எல்லாம்’ என்பதில் எத்தனை பேர் அடக்கம் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

பொறியாளர் நாற்காலி என்ன அவ்வளவு பெரிசா? பெரிசுதான். எஸ்டிமேட் அங்கேதான் பிறக்கிறது. எம் புக் அங்கேதான் சரிபார்க்கப்படுகிறது. ஒப்பந்தக்காரரின் பில் அந்தக் கையெழுத்து இல்லாமல் நகராது. மழைநீர்க் கால்வாய் மெயின் ரோட்டோடு நிற்குமா, காலனி வரைக்கும் வருமா என்பதை முடிவு செய்கிற பேனா அது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் முழுகியதைப் பார்த்தவர்கள் நாம். அய்ப்பசி கார்த்திகையில் அந்த நாற்காலியில் ஊர் தெரியாத ‘பொறுப்பு’ உட்கார்ந்திருந்தால் யார் வீட்டுக்குள் தண்ணீர் முதலில் வரும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கேட்டால், “நான் இன்சார்ஜ்தாங்க” என்பார். பொறுப்பு என்று பெயர் வைத்துக்கொண்டு பொறுப்பைத் தட்டிக்கழிக்கிற ஒரே பதவி இதுதான்.

தாம்பரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்று அய்ந்து நகராட்சிகள்; சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை என்று அய்ந்து பேரூராட்சிகள்; எல்லாம் சேர்ந்து 2021-இல் மாநகராட்சி ஆனது. 70 வார்டு. மேயர் பதவி தாழ்த்தப்பட்ட பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டு, 2022 மார்ச்சில் வசந்தகுமாரி முதல் மேயரானார். அதே நாளில் சென்னையில் பிரியா. கொண்டாடினோம், கொண்டாட வேண்டியதுதான். அந்த நாற்காலி யாருக்கு என்பதை அரசாணை போட்டு ஊரறியச் சொன்னார்கள். அதனால்தான் நம்மவர் உட்கார முடிந்தது. அதே கட்டடத்தில் கோப்பு நகர்த்துகிற நாற்காலி ஒன்று காலியானால், அது யாருக்கு என்பதை எந்த ஊரிலும் எந்த அரசாணையும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வெளிச்சத்தில் இருக்கும் நாற்காலிக்கு ஒதுக்கீடு. இருட்டில் இருக்கும் நாற்காலிக்கு ‘ஏற்பாடு’.

இப்போது மாடியிலிருந்து கீழே இறங்குவோம். அதே பொறியியல் பிரிவு, சுகாதாரப் பிரிவு. சாக்கடை அடைப்பு எடுப்பவர், குப்பை வண்டி தள்ளுபவர், தெருக் கூட்டும் அம்மா. இவர்களும் ‘தற்காலிகம்’தான். ஒப்பந்தம், தினக்கூலி, சுய உதவிக்குழு, அவுட்சோர்சிங் என்று பெயர்தான் மாறும். 2025 ஆகஸ்ட்டில் ரிப்பன் மாளிகை வாசலில் பதிமூன்று நாள் உட்கார்ந்திருந்தார்களே, நள்ளிரவில் போலீசை விட்டு அப்புறப்படுத்தினார்களே, அவர்களில் எத்தனையோ பேர் பத்து வருசத்துக்கு மேல் தற்காலிகம். இந்தத் தற்காலிகத்துக்கு யாரும் தரவு கேட்பதில்லை, திறன் கெடுமா என்று கவலைப்படுவதில்லை. மேலே தற்காலிகம் என்றால் நமக்கு இடமே இல்லை. கீழே தற்காலிகம் என்றால் ஏறக்குறைய எல்லா இடமும் நமக்கே. ஒரே சொல், ரெண்டு சாதி.

மலக்குழிக்குள் ஆளை இறக்கக் கூடாது என்று 2013-இல் சட்டம் வந்தது. செத்தால் 10 லட்சம் என்று 2014-இல் உச்சநீதிமன்றம் சொன்னது. 2023-இல் 30 லட்சம் என்று உயர்த்தியது. இறங்கச் சொன்ன கை எது என்று தேடினால் ஒப்பந்தக்காரர் அதிகாரியைக் காட்டுவார். அதிகாரி ‘பொறுப்பு’ என்பார். செத்தவன் மட்டும் நிரந்தரமாய்ச் செத்திருப்பான்.

நாற்காலியைக் காலியாக வைத்திருப்பதும் சாதிக்குப் பழகிய ஆயுதம்தான். பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஊராட்சிகள் 1996-இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டன. தேர்தலைத் தடுத்தார்கள், பொம்மையை நிறுத்தி ராஜினாமா வாங்கினார்கள். 2006 வரை பத்து வருசம் இப்படியே போனது. மேலவளவில் நாற்காலியில் உட்காரத் துணிந்த முருகேசனை 1997 ஜூன் 30-ஆம் தேதி வெட்டிக் கொன்றார்கள். ஊராட்சியில் அரிவாள் செய்ததை நகராட்சியில் ஒரு டைப் அடித்த தாள் சத்தமில்லாமல் செய்கிறது என்றுதான் நான் சொல்கிறேன்.

1942-இல் அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். மத்தியப் பொதுப்பணித் துறை அவர் கீழ் இருந்தது. அந்த அக்டோபரில் லின்லித்கோவுக்குக் கொடுத்த மனுவில், அத்துறையின் 1171 ஒப்பந்தக்காரர்களில் தாழ்த்தப்பட்டவர் ஒரே ஒருவர் என்று எழுதினார். தலைமை நாற்காலியில் உட்கார்ந்தவர் முதலில் செய்தது எண்ணிப் பார்த்தது. பொதுப்பணியில் ‘பொது’ எங்கே என்று கேட்டது. நாமும் எண்ணத்தான் வேண்டும்.

“அவசரத்துக்கு ஆள் போடுறதுல கூடவா சாதி பார்ப்பீங்க?” என்பார்கள். பார்ப்பது நாங்களா? மூத்தவர் பக்கத்து மேசையில் இருக்கும்போது பக்கத்து ஊரிலிருந்து ஆள் வரவழைப்பதுதான் சாதி பார்ப்பது. “நம்ம ஆளு உட்கார்ந்தா மட்டும் ஊழல் ஒழிஞ்சிடுமா?” என்று நம்மிடையே சிலரும் கேட்கிறார்கள். நான் நல்லவரைத் தேடவில்லை, விதியைக் கேட்கிறேன். நல்லவர் ஓய்வு பெற்றுவிடுவார், விதி நிற்கும்.

கோரிக்கை பெரிசில்லை. பதவி காலியான அன்றே அலுவலகப் பலகையில் எழுது. தகுதியுள்ளவர்களில் பணிமூப்பில் முதல் ஆளுக்குப் பொறுப்பைக் கொடு. தாண்டிப் போனால் காரணத்தை எழுத்தில் கொடு. மத்திய அரசுப் பணிகளில் 45 நாளோ அதற்கு மேலோ நீடிக்கும் தற்காலிக நியமனத்துக்கு ஒதுக்கீடு உண்டு என்பது எழுதப்பட்ட ஆணை. அதே அளவுகோலை இங்கே ‘பொறுப்பு’க்கும் வை. 45 நாளில் பதவியை முறையாக நிரப்பு. முடியாவிட்டால் அந்தப் பொறுப்பும் இனச்சுழற்சிக்குள் வரட்டும்.

மாணவத் தோழர்களே, இதற்கு மாநாடு கூட்ட வேண்டியதில்லை. பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, 2005 தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் உங்கள் ஊர் நகராட்சிக்கு ஒரு மனு போடுங்கள். கடந்த பத்து ஆண்டில் பொறியியல் பிரிவில் போட்ட பொறுப்பு ஆணைகள் எத்தனை? ஒவ்வொன்றும் எத்தனை நாள் நீடித்தது? பணிமூப்பில் தாண்டப்பட்டவர் எத்தனை பேர்? அதில் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் எத்தனை? முப்பது நாளில் பதில் தர வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு முடிவின் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்று அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு சொல்கிறது. பல்லாவரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை ஊருக்கு ஒரு மனு. வருகிற பதில்களை ஒரே தாளில் அடுக்கி அச்சடித்து, ரயில் நிலையப் படிக்கட்டில் நின்று விநியோகிப்போம். அந்த அடைப்புக்குறியை அவர்களாக எடுக்க மாட்டார்கள்.