தேர்ச்சி அறிக்கையின் அடியில்



தரம் ஒன்றில் படிக்கும் பிள்ளை ஆண்டிறுதியில் கொண்டுவரும் தேர்ச்சி அறிக்கையை நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்? நமது வீடுகளில் பெரும்பாலும் அதை வாசிப்பதில்லை, அதற்குள் தேடுகிறோம். எங்கேயாவது ஓர் இலக்கம் போட்டிருக்கிறதா, எத்தனையாவது இடம் என்று எழுதியிருக்கிறதா என்றுதான் கண் ஓடுகிறது. வாசலில் நிற்கும் அயலவருக்கும் அதே அவசரம். "எத்தினையாம் புள்ள?"

என் மகளும் இம்முறை தரம் ஒன்றை முடித்துவிட்டாள். ஆகவே பெருமை பேச வந்திருக்கிறாள் என்று நீங்கள் நினைத்தால் அதில் பிழையில்லை. பேசத்தான் போகிறேன்.

ஆண்டின் முதல் வாரத்தில் பாடசாலை வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று நின்ற பிள்ளை அவள். பென்சிலைக் கரண்டி பிடிப்பதுபோலப் பிடிப்பாள். இன்று கல்முனையிலிருந்து பஸ்ஸில் திரும்பினால் எனக்கு நிம்மதியாக இருக்க முடிவதில்லை. காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை என்று வரும் பெயர்ப்பலகைகளையெல்லாம் எழுத்துக்கூட்டிச் சத்தமாக வாசிக்கிறாள். "நி... ந்... த... வூ... ர்" என்று முடிப்பதற்குள் பஸ் நிந்தவூரைத் தாண்டிவிடும். முன் ஆசனத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்!

இந்த வாசிப்பு எப்படி வந்தது என்று அவளுடைய கொப்பிகளைப் புரட்டிப் பார்த்தேன். நாம் அரிச்சுவடியை 'அ' விலிருந்து வரிசையாக மனனம் செய்தவர்கள். இவளுடைய கொப்பியில் முதலில் இருப்பவை ட, ப, ம. எழுத இலகுவான வடிவங்கள். உடனே 'படம்', அதன் பின் 'பட்டம்'. கணக்குக்கு ஈர்க்கில் துண்டுகள். பத்துத் துண்டை எண்ணி றப்பர் நாடாவால் கட்டினால் ஒரு கட்டு. பதின்மூன்று என்றால் ஒரு கட்டும் மூன்று துண்டும். வீட்டில் விளக்குமாறு மெலிந்துகொண்டு போனதன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

1999 இல் தரம் ஒன்றிலிருந்து நாடு முழுவதும் ஆரம்பிக்கப்பட்ட சீர்திருத்தம் இந்த வழியைத்தான் வகுத்தது. சின்ன வகுப்புகளில் விளையாட்டு முதலில், செயற்பாடு அடுத்தது, மேசை வேலை கொஞ்சம். ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளையோடு வைத்து நிறுப்பது அதன் நோக்கமல்ல. எந்தத் தேர்ச்சி வந்துவிட்டது, எது இன்னும் வரவேண்டும் என்று பார்ப்பதே நோக்கம். 1941 இல் ஆசிரியர் கலாசாலை தொடங்கப்பட்ட ஊர் அட்டாளைச்சேனை. பின்னர் கல்வியியற் கல்லூரியும் வந்தது. 1995 இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி அடுத்த ஆண்டே தென்கிழக்குப் பல்கலைக்கழகமாகியது. ஊர் முழுக்க ஆசிரியர்கள். இருந்தும் நமது வாசலில் கேட்கும் கேள்வி மட்டும் மாறவில்லை. அதற்குக் காரணமும் தெரிந்ததே. தரம் ஐந்துப் புலமைப்பரிசில் பரீட்சையை நாம் தரம் ஒன்றிலேயே வீட்டுக்குள் கொண்டுவந்து இருத்தி வைத்திருக்கிறோம்.

என் மூத்தம்மாவுக்கு எண்பது வயதைத் தாண்டிவிட்டது. குர்ஆனை அழகாக ஓதுவார். அறபுத் தமிழில் எழுதிய பழைய கிதாபுகளையும் தடையின்றி வாசிப்பார். ஆனால் தமிழ் எழுத்துத் தெரியாது. அந்தக் காலத்தில் நமது பெண்பிள்ளைகள் பலருக்கு ஓதற்பள்ளியோடு படிப்பு முடிந்தது. சித்திலெப்பை 1882 இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி, நமது பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவேண்டும் என்று மன்றாடினார். பெண்பிள்ளைகளின் படிப்புக்காகவும் பாடுபட்டார். அந்தக் குரல் கிழக்குக் கரையின் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நுழைய எத்தனை காலம் எடுத்தது என்பதற்கு என் மூத்தம்மாவே சாட்சி. இப்போது மகள் தமிழ்ப் புத்தகத்தை வாசிக்க, அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார். நடுவில் நிறுத்தினால், "ஏன் மனே நிப்பாட்டுற, நரி என்ன செஞ்சிச்சாம்?" என்கிறார்.

அறிக்கையின் அடியில் பெற்றோர் கையொப்பத்துக்கு ஒரு கோடு இருக்கிறதே, அதைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பையன் மகளோடு ஒரே வகுப்பு. அவனுடைய உம்மா சவூதியில் வீட்டுப் பணிப்பெண்ணாக வேலை செய்கிறாள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய்மார் இப்படி வேலைக்குப் போவதற்கு 2013 இல் அரசாங்கம் கட்டுப்பாடு விதித்தது. நாடு வங்குரோத்தாகிக் கிடந்த 2022 இல் அந்த வயதை இரண்டாகக் குறைத்தது. அடுப்பு எரியவேண்டுமே என்று இவளும் போனாள். போகாதே என்று சொல்ல நம்மில் யாருக்கு உரிமை?

அறிக்கை கிடைத்த அன்று மாலை அவனுடைய மூத்தம்மா அதை முந்தானைக்குள் பொத்திக்கொண்டு என்னிடம் வந்தார். "மகள், நீ வாசிச்சிப்போட்டு நீயே ஒரு ஒப்பத்தையும் போட்டுத் தா." இரண்டாம் வகுப்போடு நின்றவர். வாசித்துக் காட்டினேன். தாய்மொழி நன்று. சுற்றாடல் மிக நன்று. கழித்தலில் இன்னும் பயிற்சி தேவை. ஒப்பத்தை மட்டும் நான் போடவில்லை. ஆண்டு முழுக்க விடியற்காலையில் எழுந்து பிட்டு அவித்து, சப்பாத்தைத் துடைத்து, கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனவர் அவர். பேனையைக் கொடுத்தேன். நீண்ட நேரம் எடுத்தார். எழுத்துகள் கோட்டுக்கு மேலும் கீழுமாக நின்றன. பையன் குனிந்து பார்த்துவிட்டு, "மூத்தம்மா, குத்தை விட்டுட்டீங்க" என்றான். அவனே விரலால் இடத்தைக் காட்ட, அவர் அந்தப் புள்ளியையும் வைத்தார்.

இரவு தொலைபேசியில் படத்தைப் பார்த்த உம்மா எத்தனையாம் பிள்ளை என்று கேட்கவில்லை. கையொப்பத்தைத்தான் பெரிதாக்கிப் பார்த்தாளாம். "இத ஆரு போட்ட?" என்று இரண்டு தரம் கேட்டாளாம்.

சகோதரிகளே, உங்கள் வீட்டு அறிக்கையையும் பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி ஒருமுறை முழுதாக வாசித்துப் பாருங்கள். 'பயிற்சி தேவை' என்று எழுதிய வரியைக் கண்டு முகத்தைச் சுளிக்காதீர்கள். விடுமுறையில் செய்யவேண்டிய வேலையை ஆசிரியை அந்த வரியில்தான் சொல்லியிருக்கிறார்.

எங்கள் ஈர்க்கில் கட்டுகள் இப்போது பக்கத்து வீட்டில்தான் இருக்கின்றன. ஒன்பதில் நாலை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "மிச்சம் எத்தினை?" என்று மகள் கேட்கிறாள். பையனுக்கு முந்திக்கொண்டு சில வேளை மூத்தம்மா பதில் சொல்லிவிடுகிறார்.