ஸர்வர் என்ன சொல்லுகிறார்?

உலகத்தில் புகார்கள் எத்தனையோ உண்டு. அவற்றுள் மிகச் சுருக்கமானதும், மிகவும் பிரயோசனமற்றதுமான புகார் "வேலை செய்யவில்லை" என்பதுதான். கடிகாரம் வேலை செய்யவில்லை, குழாய் வேலை செய்யவில்லை என்பன போய், "நான் எழுதிய வெப் அப்ளிகேஷன் வேலை செய்யவில்லை" என்று நம் பிள்ளைகளும் பெண்களும் சொல்லும் காலம் வந்திருக்கிறது. சொல்வதோடு நின்றாலும் பாதகமில்லை. இரண்டு மூன்று இரவு கண் விழித்த பிறகு, "நமக்கு இதற்கெல்லாம் மூளை போதாது" என்ற முடிவுக்கு வந்து புஸ்தகத்தையும் கம்ப்யூட்டரையும் மூடி வைத்து விடுகிறார்களே, அதுதான் வருந்தத்தக்க விஷயம்.

மூளைக்கும் இதற்கும் அதிகச் சம்பந்தம் கிடையாது. "ஏன் வேலை செய்யவில்லை?" என்ற கேள்விக்குப் பிரம்மதேவனாலும் விடை கூற முடியாது. "எந்த இடம் வரையில் வேலை செய்தது?" என்று கேட்டால், இயந்திரமே அதற்கு விடையை எழுதி வைத்துக் கொண்டு காத்திருக்கிறது. புதிதாகக் கற்பவர்கள் முதலில் பழக வேண்டியது இந்த இரண்டாவது கேள்வியைத்தான்.

ஸர்வர் என்றதும் தமிழ் நாட்டில் பிறந்தவர்களுக்குக் காபி ஹோட்டல் ஞாபகம் வருவது இயற்கை. அந்த ஞாபகம் இங்கே மெத்த உதவியாயிருக்கும். நாம் மேஜையருகில் உட்கார்ந்து "ஒரு மசால் தோசை" என்கிறோம். ஸர்வர் சமையற்கட்டுக்குப் போகிறார். சரக்கு மாஸ்டர் உக்கிராண அறையிலிருந்து சாமான் எடுத்துத் தோசை வார்க்கிறார். ஸர்வர் அதைக் கொண்டு வந்து வைக்கிறார். வெப்பிலும் நடப்பது இதுவே. கேட்பது பிரௌஸர், கேள்வியை வாங்கிக் கொள்வது ஸர்வர், சமைப்பது நாம் எழுதிய புரோகிராம், உக்கிராணம் டேட்டாபேஸ். தோசை வரவில்லை என்றால், இந்த நால்வரில் யாரிடம் காரியம் தடைப்பட்டது என்று வரிசையாக விசாரிக்க வேண்டும். எடுத்த எடுப்பில் சரக்கு மாஸ்டரை வைவது நியாயமாகாது.

முதல் விசாரணை ஹோட்டல் திறந்திருக்கிறதா என்பது. "இணைப்பு மறுக்கப்பட்டது" என்று பிரௌஸர் சொன்னால், அந்த விலாசத்தில், அந்தக் கதவில், கேட்பார் ஒருவரும் இல்லை என்று பெரும்பாலும் அர்த்தம். புரோகிராமை எழுதியதோடு சரி, அதை ஓட விட மறந்திருக்கலாம். 1990-ம் வருஷக் கடைசியில் ஜெனிவாவுக்கு அருகிலுள்ள ஸெர்ன் ஆராய்ச்சிக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உலகத்தின் முதல் வெப் ஸர்வரை நடத்தினார். இது ஒரு ஸர்வர், யாரும் இதன் மின்சாரத்தை நிறுத்தக்கூடாது என்று சிவப்பு மையில் எழுதி அந்த இயந்திரத்தின் மேல் ஒட்டி வைத்திருந்தார். ஸர்வர் என்பது சதா விழித்துக் கொண்டிருக்க வேண்டிய புரோகிராம் என்ற பாடம் அந்தச் சீட்டிலேயே அடங்கியிருக்கிறது.

கதவு என்றேன், கம்ப்யூட்டர்காரர்கள் அதைப் போர்ட் என்பார்கள். 0 முதல் 65535 வரையில் எண்கள் உண்டு. ஒரு கதவில் ஒருவர்தான் நிற்கலாம். "விலாசம் ஏற்கெனவே உபயோகத்தில் இருக்கிறது" என்ற செய்தி வந்தால், நேற்று ஓட விட்ட பழைய புரோகிராமே இன்னும் அங்கே நின்று கொண்டிருக்கக் கூடும். சில சமயம் நமக்குத் தெரியாத அந்நியர் ஒருவரும் நிற்பதுண்டு. பைதானில் எழுதுவோர் கையாளும் ஃபிளாஸ்க் வழக்கமாக 5000-ம் எண்ணைக் கேட்கும். 2021-ல் வெளிவந்த மான்டரே முதற்கொண்டு, மாக் கம்ப்யூட்டர்களில் ஏர்ப்ளே ரிஸீவர் என்னும் வசதியும் அதே எண்ணில் வந்து உட்கார்ந்து கொண்டது. இதை அறியாதவர்கள் தங்கள் புரோகிராமிலே குற்றம் தேடிப் பயனில்லை. 5001 என்று எண்ணை மாற்றினால் வழக்கு தீர்ந்தது!

ஹோட்டல் திறந்திருக்கிறது, ஸர்வரும் வந்தார் என்று வைத்துக் கொள்வோம். அவர் ஒவ்வொரு பதிலோடும் மூன்று இலக்க எண் ஒன்றைச் சொல்லியே தீருவார். 4-ல் தொடங்கும் எண் வந்தால் கேட்டதிலே பிசகு. 5-ல் தொடங்கும் எண் வந்தால் சமையற்கட்டிலே பிசகு. 404 என்றால் "அப்படி ஒரு பலகாரம் இங்கே கிடையாது". 403 என்றால் "கேட்டது புரிந்தது; ஆனால் உமக்குக் கொடுப்பதற்கில்லை". 405 என்றால் "விலாசம் சரி, கேட்ட முறை சரியில்லை". பாரத்தை 'போஸ்ட்' முறையில் அனுப்பி விட்டு, புரோகிராமில் 'கெட்' முறைக்கு மட்டும் வழி வைத்திருந்தால் இந்தக் கடைசிப் பதில் கிடைக்கும். 404 வந்ததும் டேட்டாபேஸைக் குடைவதும், 500 வந்ததும் விலாசத்தைத் திருத்துவதும், தலைவலிக்குக் காலிலே பற்றுப் போடுவது போலத்தான்.

500-ஐக் கண்டு அநேகர் கதிகலங்குகிறார்கள். பயப்பட வேண்டியதேயில்லை. சமையற்கட்டில் விபத்து என்று அதற்குப் பொருள். விபத்தின் விவரத்தை வாடிக்கைக்காரரிடம் சொல்லாமல், லாக் என்னும் குறிப்பேட்டில் ஸர்வர் எழுதி வைத்து விடுகிறார். புரோகிராமை ஓட விட்ட ஜன்னலிலோ, ஸர்வரின் பிழைக் குறிப்பிலோ அதைப் பார்க்கலாம். பைதானில் அந்த நீண்ட பட்டியலைக் கடைசி வரியிலிருந்து படிக்க வேண்டும். என்ன நேர்ந்தது என்பது கடைசி வரியில் இருக்கும். அங்கிருந்து மேலே ஏறிக் கொண்டே போய், நாமே எழுதிய ஃபைலின் பெயரும் வரி எண்ணும் எங்கே தென்படுகின்றனவோ அங்கே நிறுத்தினால் போதும். நடுவிலுள்ள நாற்பது வரிகளும் பிறர் எழுதியவை. அவற்றை விட்டு விடலாம்.

குறிப்பேட்டின் பெருமைக்கு ஒரு பழைய அத்தாட்சி உண்டு. 1947-ம் வருஷம் செப்டம்பர் 9-ந் தேதி, அமெரிக்காவில் ஹார்வர்டு மார்க் 2 என்ற ராட்சதக் கம்ப்யூட்டர் தகராறு செய்தது. அதை நடத்தியவர்கள் தேடிப் பார்த்து, உள்ளே சிக்கியிருந்த அந்துப்பூச்சி ஒன்றை எடுத்துக் குறிப்பேட்டிலேயே ஒட்டி வைத்தார்கள். பூச்சியின் கதை பிரசித்தம். நாம் கவனிக்க வேண்டியது பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும் குறிப்பை. இன்ன மணிக்கு, எஃப் பலகையில், 70-ம் எண் ரிலேயில் என்று அதில் இடம் குறிக்கப்பட்டிருக்கிறது. "இயந்திரம் வேலை செய்யவில்லை" என்று அவர்கள் எழுதி வைக்கவில்லை!

இனி, எல்லாவற்றையும்விடச் சாமர்த்தியமான தொந்தரவு ஒன்று இருக்கிறது. ஸர்வர் 200 என்கிறார், அதாவது "எல்லாம் க்ஷேமம்" என்கிறார். ஆனால் தோசை கேட்ட இடத்தில் வடை வந்திருக்கிறது. இத்தகைய வழக்குகளில் அடிக்கடி வரும் மூன்றை இங்கே சொல்கிறேன்.

ஒன்று: திருத்தம் செய்தும் பழைய பக்கமே வருகிறது. புரோகிராம் பழைய உருவத்தையே ஞாபகத்தில் வைத்து ஓடிக் கொண்டிருக்கலாம். நிறுத்தித் திரும்பத் துவக்க வேண்டும். பிரௌஸர் தான் முன்பு சேமித்து வைத்ததைக் காட்டிக் கொண்டிருக்கலாம். அதைப் புதிதாகக் கேட்கச் செய்ய வேண்டும். இரண்டும் பலிக்காவிட்டால் ஒரு யுக்தி உண்டு. புரோகிராமில் வேண்டுமென்றே ஒரு பெரும் பிழையைச் செய்து விட்டுத் துவக்கிப் பாருங்கள். அப்பொழுதும் பக்கம் சௌக்கியமாக வந்தால், நீங்கள் திருத்திக் கொண்டிருப்பது வேறொரு பிரதி என்று நிச்சயம்.

இரண்டு: பாரத்தில் நிரப்பிய விவரம் வந்து சேரவில்லை. ஒவ்வொரு கட்டத்துக்கும் 'நேம்' என்ற குறிப்புப் பெயர் கொடுக்க வேண்டும். அந்தப் பெயரில்லாத கட்டத்தைப் பிரௌஸர் அனுப்பவே அனுப்பாது. பெயர் எழுதாத தபாலை யாரிடம் கொடுப்பது?

மூன்று: உள்ளே நுழைந்தவர் அடுத்த பக்கத்தில் அந்நியராகி விடுகிறார். வெப் ஸர்வர் மகா மறதிக்காரர். ஒவ்வொரு கேள்வியையும் புதுமுகம் கேட்டதாகவே பாவிப்பார். 1994-ல் நெட்ஸ்கேப் கம்பெனியில் லூ மான்டுல்லி என்பவர் 'குக்கி' என்னும் டோக்கனை ஏற்படுத்தியதே இதற்காகத்தான். டோக்கனில் போடும் இரகசிய முத்திரையைத் துவக்கும்போதெல்லாம் புதிதாகச் செய்து கொண்டால், பழைய டோக்கன்கள் யாவும் செல்லாக்காசாகி விடும். முத்திரையை நிலையாக வைத்துக் கொள்ளுங்கள். நிலைத்திருக்க வேண்டிய விவரங்களைப் புரோகிராமின் ஞாபகத்தில் விட்டு வைக்காமல் டேட்டாபேஸில் எழுதுங்கள்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் நன்றாக ஓடியது வாடகை ஸர்வருக்குப் போனதும் படுத்துக் கொள்வதும் உண்டு. விண்டோஸ் ஃபைல் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் சாதாரணமாக ஒன்றாகவே பாவிக்கும். லினக்ஸ் அவற்றை வேறு வேறாகக் கொள்ளும். வீட்டில் அகப்பட்ட படம் அங்கே 404 ஆவது இதனால்தான். இன்னொன்று, 127.0.0.1 என்ற விலாசம் அந்தந்தக் கம்ப்யூட்டர் தன்னைத் தானே அழைத்துக் கொள்வது. அதில் மட்டும் காது கொடுக்கும் புரோகிராமுக்கு வெளியார் குரல் கேட்காது.

தமிழில் எழுதுவோருக்குத் தனியே ஒரு சங்கடம் காத்திருக்கிறது. 1992-ல் கென் தாம்ஸனும் ராப் பைக்கும் வகுத்த யூடிஎஃப்-8 முறையில், 'தமிழ்' என்ற சொல்லில் ஐந்து குறிகள்; குறிக்கு மூன்று பைட்டாக மொத்தம் பதினைந்து பைட்டு. அதை வாசிப்பவர் ஐரோப்பிய எழுத்தென்று தப்பாக நினைத்தால், தலையில் கோடு இழுத்த ஆங்கில எழுத்துக்களும் வட்டத்துக்குள் எழுத்துமாக ஒரே அலங்கோலமாய் வரும். இது கண்டு கவலை வேண்டாம். பெரும்பாலும் பைட்டுக்கள் பத்திரமாயிருக்கும், வாசிக்கும் முறையை மாற்றினால் தமிழ் திரும்பி வரும். எழுத்துக்கு எழுத்து கேள்விக்குறி வந்திருந்தால்தான் கவலை. டேட்டாபேஸுக்குத் தமிழ் கொள்ளவில்லை, எழுத்துக்கள் போயே போய் விட்டன என்று அர்த்தமாகலாம். மைஎஸ்க்யூஎல் உபயோகிப்போர், ஆரம்பத்திலேயே யூடிஎஃப்-8-எம்பி-4 என்று குறித்து விடுவது நலம்.

இதுவரை சொன்னவற்றால் நஷ்டப்படுவது கற்பவரின் தூக்கம் மட்டுமே. அடுத்ததில் பிறருடைய சொத்தும் மானமும் அடங்கியிருக்கின்றன. வாடிக்கைக்காரர் சீட்டில், "ஒரு தோசை, பிறகு கல்லாப் பெட்டியைத் திறந்து கொடு" என்று எழுதியிருக்கிறார். ஸர்வர் அதை அப்படியே உரக்கப் படிக்க, சமையற்கட்டில் அதை முதலாளியின் உத்தரவென்று நிறைவேற்றினால் என்ன ஆகும்? பிறர் எழுதிய சொல்லை டேட்டாபேஸ் உத்தரவோடு வெறுமே ஒட்டி அனுப்பும் புரோகிராம்களில் இதுவே நடக்கிறது. 2015-ல் இங்கிலாந்தின் டாக்டாக் டெலிபோன் கம்பெனி இந்த வழியில் தாக்கப்பட்டு, 1,56,959 வாடிக்கைக்காரர்களின் விவரங்கள் பறிபோயின. மறு வருஷம் அந்தக் கம்பெனிக்கு நாலு லட்சம் பவுன் அபராதம் விதிக்கப்பட்டது. பரிகாரமோ மிக எளிது. உத்தரவை முன்கூட்டியே அச்சடித்த பாரம்போல வைத்துக் கொண்டு, காலி இடத்தில் மட்டும் பிறர் சொல்லை நிரப்ப வேண்டும். அப்பொழுது கல்லாப் பெட்டி என்று எழுதினாலும் அது ஒரு பலகாரத்தின் பெயராகவே கொள்ளப்படும். 'ஓ பிரையன்' போல நடுவே ஒற்றைக் குறி வரும் ஆங்கிலப் பெயரை யாராவது எழுதியதும் உங்கள் புரோகிராம் 500 என்று அலறினால், அதை அபூர்வமான தொல்லை என்று ஒதுக்கி விடாதீர்கள். கல்லாப் பெட்டியின் பூட்டுத் திறந்திருக்கிறது என்று ஸர்வர் செய்யும் எச்சரிக்கை அது.

அவ்வாறே, பிழையின் விவரங்களைப் பிரௌஸரிலேயே காட்டும் 'டீபக்' ஏற்பாடு கற்கும்போது பரம உபகாரி. ஊரார் பார்க்கும் ஸர்வரில் அதை விட்டு வைப்பது, வீட்டுச் சாவியை வாசற்கதவில் தொங்க விடுவதற்குச் சமானம்.

ஆகையால் விசாரணையின் கிரமம் இதுதான்: கதவு திறந்திருக்கிறதா? என்ன எண் வந்தது? குறிப்பேட்டின் கடைசி வரி என்ன? ஓடுவது நான் திருத்திய பிரதிதானா? இந்த நாலு கேள்விகளையும் கேட்பதற்குப் புரோகிராம் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். பதில் தெரியாமல் விழிப்பவருக்கு மூளை இல்லை என்று யாரும் தீர்மானித்து விட வேண்டாம். அவர் இன்னும் ஸர்வரைக் கூப்பிட்டு விசாரிக்கவில்லை, அவ்வளவுதான்.